கணக்கும் குடவோலையும்: பாங்கித் தொழிலினின்று மந்திரி பதவிக்கு



சென்னையினின்று வடக்கே கல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே, பெரியபாளையத்துக்கு வழி பிரியுமிடத்தில் அமைந்துள்ள நம் புதுவாயலை, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கண்டவர் இன்று காண்பராயின், இஃது வேற்றூரோ என ஐயுறுவர். நெல் விளைந்த புலங்களின் ஓரத்தே ஆலைகளும் சரக்குக் கிடங்குகளும் எழுந்துள்ளன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை பெருகப் பெருக, ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் கணக்கெழுதும் மேசைக்கு வந்தனர். நம்மவருள் இன்று ஆலைகளின் கணக்கறையில் அமர்வோரும், பாங்கிகளில் உத்தியோகம் பார்ப்போரும், கணக்காய்வுப் பரீட்சைக்குப் படிப்போரும் பலராயினர். இது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

ஆயினும் ஒரு வினா நம் குடும்பங்களில் அடிக்கடி எழக் காண்கிறோம். "பையன் நல்ல பாங்கி உத்தியோகத்தில் இருக்கிறான்; மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது; இவனுக்கு ஊர்ப்பொது விஷயம் எதற்கு? தேர்தல் எதற்கு? சேற்றில் கால் வைப்பானேன்?" எனப் பெரியோர் கேட்கின்றனர். இவ்வினாவை அற்பமென்று தள்ளுதல் முறையன்று. பெற்ற வயிற்றின் அச்சம் அதனுள் இருக்கிறது. ஆதலின் அதற்குச் சரித்திரம் யாது விடை தருகிறது என்று ஆராய்தலே இவ்வியாசத்தின் நோக்கமாம். எக்கட்சிக்கும் சார்பாகவோ விரோதமாகவோ இதனை யாம் எழுதவில்லை. ஈண்டுக் கூறப்படுவோர் எக்குலத்தவர் என்பதும் எமக்குப் பொருளன்று. அவர் நடந்த வழியே பொருள்.

முதலில் நம் தொண்டைமண்டலத்தின் பழைய சாட்சியொன்றை நோக்குவோம். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி, பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் தெரிந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. இறை செலுத்தும் நிலம் உடைமை, சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, கல்வி என்று தகுதிகள் வகுக்கப்பட்டன. அவற்றினும் நாம் உற்று நோக்கத்தக்கது விலக்குகளின் பட்டியலாம். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாது இருந்தவன் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவன் உறவினர் பெயரும் இடப்படலாகாது என்று அவ்வூரார் விதித்தனர்.

இவ்விதியின் கடுமையைச் சிந்தியுங்கள். திருடினவன் என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதொன்றே போதும். ஊர்ப்பணத்தைக் கையாண்டவனுக்குக் கணக்குக் காட்டுதல் ஒரு தயவன்று, தகுதியே ஆகும் என்பது அவர்தம் கொள்கை. அவ்வூர் பிரமதேயமாதலின், அந்தக் குடத்தில் யாவர் பெயருக்கும் இடமிருந்ததில்லை. அதனையும் மறைக்காமற் சொல்லுதல் கடன். இன்றோ, 21 வயது நிரம்பிய எவரும் தம் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். குடத்தின் வாய் அகன்றுவிட்டது. ஆனால் கணக்கைப் பற்றிய அப்பழைய விதியின் உணர்வு நம்மிடம் அகன்றதோ சுருங்கியதோ என்பது ஆராயத்தக்கது.

கணக்கு, குடவோலை என்னும் இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்வது அரிது. கணக்கறிந்தவர் பெரும்பாலும் மக்களிடம் வாக்குக் கேட்கச் செல்வதில்லை. வாக்குக் கேட்கச் செல்வோர் பலர் கணக்கறிவதில்லை. இவ்விரண்டும் சேரும்போது நாட்டுக்கு என்ன நன்மை, சேர்ந்தவருக்கு என்ன துன்பம் என்பதை இனிக் காண்போம்.

சென்னைப்பட்டணத்திலே அர்பத்நாட் கம்பெனி என்னும் பழைய ஐரோப்பிய வர்த்தக நிலையம் ஒன்றிருந்தது. உத்தியோகஸ்தர், விதவைகள், பென்ஷன் வாங்குவோர் முதலியோர் தம் வாழ்நாட் சேமிப்பை அங்கே நம்பி வைத்திருந்தனர். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அது முறிந்தது. எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் கைப்பொருள் இழந்தன. அதன் தலைவரான ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் விசாரிக்கப்பட்டு 18 மாதக் கடுங்காவல் பெற்றார். அவ்விடிபாட்டின் மேல்தான், நம்மவர் பணம் நம்மவர் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1907 ஆகஸ்டு 15-இல் இந்தியன் பாங்கி தொடங்கிற்று. அதனை நிறுவுவதில் முன்னின்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், பின்னர் உயர்நீதிமன்ற நீதிபதியாய், 1911-இல் கவர்னரின் நிர்வாக சபையிலும் அங்கத்தினரானார். பாங்கியை உண்டாக்கிய கை அரசாங்கத்திலும் இடம்பெற்றது நம் மாகாணத்தில் அந்நாளிலேயே நிகழ்ந்த காரியமாம்.

அதன் பின் 1944-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மகாயுத்தம் முடியுமுன்னரே, உலகின் பண ஒழுங்கை வகுக்க 44 நாடுகளின் பிரதிநிதிகள் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்னுமிடத்தில் கூடினர். இந்தியாவின் தூதுக்குழுவில் இருந்தோருள் இருவர் ஈண்டுக் குறிக்கத்தக்கவர். ஒருவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், மற்றொருவர் ரிசர்வ் பாங்கியின் முதல் இந்தியக் கவர்னரான சி. டி. தேஷ்முக். இருவரும் பிற்காலத்தில் இந்தியாவின் நிதி மந்திரிகளாயினர். சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26-இல் சமர்ப்பித்தார். வரவு 171 கோடி ரூபாய், செலவு 197 கோடி ரூபாய் என்ற அளவினதாய் அது இருந்தது. 1948-இல் அவர் பதவி துறந்தார்.

தேஷ்முக் அவர்களோ 1943 முதல் 1949 வரை ரிசர்வ் பாங்கியை நடத்தி, அது 1949 ஜனவரி முதல் நாள் அரசுடைமையானதையும் தம் பதவிக்காலத்திலேயே கண்டு, 1950-இல் நிதி மந்திரியானார். 1952 பொதுத்தேர்தலில் கொலாபாத் தொகுதியில் நின்று வென்றார். இம்பீரியல் பாங்கி ஸ்டேட் பாங்கியாக மாறிய 1955-ஆம் ஆண்டும், ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசு மேற்கொண்ட 1956-ஆம் ஆண்டும் அவர் காலத்தனவே. பம்பாய் நகரை மகாராஷ்டிரத்தினின்று பிரிக்கும் ஏற்பாட்டுக்கு உடன்படாது 1956-இல் விலகினார். அவருக்குப் பின், ரிசர்வ் பாங்கிக் கவர்னராயிருந்த மன்மோகன் சிங் 1991-இல் நிதி மந்திரியாகி, 2004-இல் பிரதம மந்திரியுமானார்.

தேஷ்முக், மன்மோகன் சிங் ஆகிய இருவர் சரிதையிலும் ஒரு பொதுத்தன்மை காணக் கிடக்கிறது. இவர்களைப் பதவி முதலில் அழைத்தது. மக்கள் வாக்கு அதன் பின்னர் வந்தது, அல்லது நேரே வரவேயில்லை. மன்மோகன் சிங் அவர்கள் மக்கள் சபைக்கு ஒரே முறை, 1999-இல் தென் தில்லியில், போட்டியிட்டுத் தோற்றார். ராஜ்ய சபையின் வழியாகவே மந்திரியாயிருந்தார். கணக்கு இருந்தது, குடவோலை குறைந்திருந்தது. இதனால் அவர் பெருமை குன்றாது. ஆயினும், வாசற்படி தோறும் சென்று வாக்குக் கேட்டு, எதிர்வரிசையில் காத்திருந்து, பின் பொக்கிஷத்தின் திறவுகோலைக் கையேற்ற பாங்கியாளர் உண்டா என்று கேட்பின், நம் தமிழ்நாட்டின் அண்மைக்காலச் சரித்திரமே ஒரு விடை தருகிறது. அவர்தாம் மதுரை பழனிவேல் தியாகராஜன்.

அவர் பிறந்த குடும்பம் பொதுவாழ்வில் பழகியது. பாட்டனார் பி. டி. ராஜன் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர். 1936-ஆம் ஆண்டில், ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாயிருந்தவர். தந்தையார் பி. டி. ஆர். பழனிவேல் ராஜன் 1996 முதல் 2001 வரை சட்டசபைச் சபாநாயகர். 2006 மே மாதம் அறநிலைய மந்திரியாகப் பதவியேற்ற சில நாட்களிலேயே காலமானார். ஆகவே புதல்வருக்குப் பெயரென்னும் முதல் முன்னரே இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்முதல் இல்லை என்பதை மறவாமலே மேற்செல்வோம்.

திருச்சிராப்பள்ளிப் பொறியியற் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் கற்று, அமெரிக்காவில் பஃபலோ நகரத்து நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்லோன் பள்ளியில் வாணிப நிர்வாகமும் பயின்று, 2001-இல் லேமன் பிரதர்ஸ் என்னும் நிலையத்தில் அவர் சேர்ந்தார். லேமன் நிலையத்தின் கதை நமக்கு அர்பத்நாட்டை நினைப்பூட்டுவது. அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவில் பஞ்சு வியாபாரத்தில் வளர்ந்து, 1850 முதல் சகோதரர் பெயரால் விளங்கி, உலகப் பெரும் பாங்கிகளுள் ஒன்றாகி, 2008 செப்டம்பர் 15-இல் திவால் மனுக் கொடுத்தது. அதன் கடன் அறுபதினாயிரம் கோடி டாலருக்கும் மேல். வீடு வாங்கியோருக்குத் தகுதி நோக்காது கொடுத்த கடன்களை ஒன்றாகக் கட்டி, நல்ல சரக்கென்று பெயரிட்டு விற்றமையே அக்கால வீழ்ச்சியின் வேர். ஐந்தொகையில் எழுதப்பட்டதற்கும் பெட்டியில் உள்ளதற்கும் பொருத்தமில்லாதபோது, பெரிய பெயரும் பழைய வயதும் ஒரு நிலையத்தைக் காப்பதில்லை என்பதை 1906-இல் சென்னை கண்டது; 2008-இல் உலகம் கண்டது.

அவ்வாண்டிலேயே பழனிவேல் தியாகராஜன் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு பாங்கியைச் சேர்ந்து, சிங்கப்பூரில் அதன் நிதிச்சந்தைப் பிரிவில் உயர்பதவி வகித்தார். 2014-இல் அதை விடுத்துத் தாய்நாடு திரும்பினார். 2016 சட்டசபைத் தேர்தலில், தந்தையார் 2006-இல் வென்ற மதுரை மத்தியத் தொகுதியிலேயே, திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் நின்று, ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வென்றவருக்கு மந்திரி பதவி வந்ததோ? வரவில்லை. அவர் கட்சி எதிர்க்கட்சியாயிற்று. உலகச் சந்தையில் பெருந்தொகைகளைக் கையாண்டவர், ஐந்தாண்டு எதிர்வரிசையில் அமர்ந்து, தொகுதியின் குடிநீரையும் சாக்கடையையும் வீதிவிளக்கையும் பற்றிய முறையீடுகளைக் கேட்கும் உறுப்பினராக இருந்தார். இப்பகுதியையே நாம் சிறப்பாகக் கருத வேண்டும். 2021-இல் அதே தொகுதியில் முப்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். மே 7-ஆம் நாள் நிதி மந்திரியானார்.

அவர் செய்த முதற் பெருங்காரியம் கணக்கைத் திறந்து காட்டியது. 2021 ஆகஸ்டு 9-ஆம் நாள் மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். முன்னர் 2001-இல், மற்றொரு கட்சியின் ஆட்சியில், நிதி மந்திரி பொன்னையன் அத்தகைய அறிக்கை வெளியிட்டிருந்தார். இருபதாண்டுக்குப் பின் இது வந்தது. 2020-21-ஆம் ஆண்டில் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி ரூபாய் என்றும், மாநிலக் கடனைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் ஆகும் என்றும் அது கூறிற்று.

வருவாய்ப் பற்றாக்குறை என்பதன் கருத்தை நம் சகோதரிகளும் அறியுமாறு சொல்வோம். வீடு கட்டவும் கிணறு வெட்டவும் கடன் வாங்குதல் ஒன்று. அரிசிக்கும் உப்புக்கும் கடன் வாங்குதல் வேறொன்று. முன்னதற்கு எதிரே ஒரு சொத்து நிற்கும். பின்னதற்கு எதிரே வட்டி மாத்திரம் நிற்கும். சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் கடன் வாங்கும் நிலையே வருவாய்ப் பற்றாக்குறை. பெருந்தொகையைக் கோடிகளில் சொன்னால் எவர்க்கும் உறைப்பதில்லை. "உன் குடும்பத்தின் பங்கு இவ்வளவு" என்றால் கூலிக்காரனும் நிமிர்ந்து பார்க்கிறான். கடனாளிக்கு அவன் கடனைத் தெரிவிப்பது பாங்கியின் முதல் வழக்கம். அவ்வழக்கத்தைச் சட்டசபைக்குக் கொண்டுவந்ததே அவ்வறிக்கையின் சிறப்பாம். அத்தொகைகளைக் குறித்து எதிர்க்கட்சியார் மறுப்புரைத்தனர். மறுப்பதற்கேனும் ஒரு கணக்கு மேசைமேல் இருந்தது.

நிற்க. பாங்கியாளன் அறிவு எங்கே நின்றுவிடுகிறது, அரசாள்வோன் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கும் அவ்வறிக்கையே நல்ல உதாரணம் தருகிறது. அரசாங்கப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பாங்கியாளன் ஒருவனிடம் இக்கணக்கைக் காட்டினால் யாது சொல்வான்? "அத்தடத்தை நிறுத்துக" என்பான். ஆனால் அதே மந்திரிசபை, பதவியேற்ற முதல் நாளிலேயே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல உத்தரவிட்டது. நஷ்டத்தை எண்ணிக் காட்டியவரும் அம்மந்திரிசபையின் நிதி மந்திரியே. அவ்விலவசத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியவரும் அவரே.

இது முரண்பாடன்றோ என்று சிலர் வினவலாம். யாம் அங்ஙனம் கருதவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் செல்லும் ஏழைப் பெண்ணின் முந்தானையில் நாளொன்றுக்கு மிஞ்சும் சில்லறை, போக்குவரத்துக் கழகத்தின் பேரேட்டில் செலவாகவே ஏறும். அது அவள் பிள்ளையின் பாற்செலவாகவும் புத்தகமாகவும் வரவாவதை எழுத அப்பேரேட்டில் பத்தியில்லை. பாங்கிக்குத் தன் லாபமே லாபம். அரசாங்கத்துக்குக் குடிகளின் லாபமும் லாபம். ஆதலின் நல்ல நிதி மந்திரி நஷ்டத்தை மறைப்பவனும் அல்லன். நஷ்டமென்ற ஒரு சொல்லைக் கண்டவுடன் தருமத்தை நிறுத்துபவனும் அல்லன். இன்ன தருமத்துக்கு இவ்வளவு செலவு, அதனை இன்ன வழியில் ஈடு செய்கிறோம் என்று எழுதி வைத்துச் செய்பவனே அவன். எழுதாமற் செய்யும் தருமம் கடனாளியின் அன்னதானம் போல்வது.

அவர் காலத்து மற்றைக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்வோம். 2021 ஆகஸ்டு 13-இல் காகிதமில்லாத முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார்; மறுநாள் வேளாண்மைக்கெனத் தனித்திட்டம் ஒன்றை வேளாண்மை மந்திரி முதன்முறையாகச் சமர்ப்பித்தார். பெட்ரோல் மீதான மாநில வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்ற கணக்கும் உடன் கூறப்பட்டது. 2023 மார்ச்சு மாதத் திட்டத்தில், வருவாய்ப் பற்றாக்குறை ஏறத்தாழ 62,000 கோடியினின்று ஏறத்தாழ 30,000 கோடிக்கு இறங்கியதாக அறிவித்தார். அதே திட்டத்தில், குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்க 7,000 கோடி ஒதுக்கினார்.

நம் குடும்பங்களுக்கு மிக அணுக்கமான காரியம் ஒன்றுண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் நெடுநாள் நடந்துவந்த திருமண உதவித் திட்டம், 2022 மார்ச்சு 18-ஆம் நாள் திட்டத்தில், உயர்கல்வி உதவித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசாங்கப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு, அவள் மேற்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பாங்கிக் கணக்கிலேயே சேரும்படி அது அமைந்தது. தாலிக்குத் தங்கம் நின்றுவிட்டதே என்று வருந்திய தாய்மாரும் உண்டு. அவர் வருத்தம் பொய்யன்று. ஆயினும் இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்குங்கால், தங்கம் ஒரு நாளில் மணமகன் வீட்டாரின் எதிரே எடைபோடப்படுகிறது. படிப்போ அவள் வாழ்நாளெல்லாம் அவளிடமே இருந்து வட்டி தருகிறது. முதலீடு இன்னது, செலவு இன்னது என்று பிரித்தறியும் பாங்கிக்கண் இங்கே தக்க இடத்தில் பார்த்தது என்பது எம் எண்ணம்.

இனித் துன்பத்தின் பக்கத்தையும் நேர்மையாகக் கூறுவோம். பாங்கியின் உள்ளறையில், தவறு கண்டவிடத்து முகத்துக்கு நேரே சொல்லுதல் திறமையாகக் கருதப்படும். அரசியலில் அதுவே பகையாகவும் முடியும். 2021 மே மாதம் சரக்கு சேவை வரிக் குழுவின் கூட்டத்தில், பெருமாநிலத்துக்கும் சிறுமாநிலத்துக்கும் ஒரே நிறையுள்ள வாக்கு இருக்கும் முறையை அவர் குறை கூறியபோது, கோவா மந்திரியோடு சொற்போர் மூண்டது. 2023 ஏப்ரலில் அவர் குரலென்று சொல்லப்பட்ட ஒலித்துண்டுகள் வெளிவந்தன. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். மே மாதம் 11-ஆம் நாள் மந்திரிசபை மாற்றத்தில் நிதி இலாகா தங்கம் தென்னரசு அவர்களிடம் சென்றது. இவர் தகவல் தொழில்நுட்ப இலாகாவைப் பெற்றார். இரண்டு ஆண்டும் சில நாட்களுமே பொக்கிஷம் அவர் கையிலிருந்தது.

சண்முகம் செட்டியாருக்கு ஓராண்டு, தேஷ்முக்குக்கு ஆறாண்டு, இவருக்கு இரண்டாண்டு. பாங்கியில் திறமையுடையோன் படிப்படியாக ஏறுவான், இறக்கம் அரிது. பொதுவாழ்வில் ஏற்றமும் இறக்கமும் திறமையை மாத்திரம் பொறுத்தவையல்ல. இதனை அறிந்தே அதில் புக வேண்டும். பெற்றோரின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு என்று யாம் முன்னே ஒப்புக்கொண்டது இதனாலேயே.

அங்ஙனமாயின் நம் பிள்ளைகள் விலகி நிற்பதே நன்றோ? அன்று என்பதே எம் துணிபு. என்னை? கணக்கறிந்தோர் எல்லாரும் விலகி நின்றால், ஊர்ப்பணம் கணக்கறியாதார் கையிலோ, கணக்கை மறைக்க அறிந்தார் கையிலோதான் இருக்கும். இரண்டினும் நஷ்டம் நம்முடையதே. சம்பளப் பணத்தில் சல்லிக்காசையும் எண்ணும் நாம், குளத்துக்கும் தெருவுக்கும் வந்த பணத்தை எண்ணாதிருப்பது எவ்வகைச் சாமர்த்தியம்? ஆலைகள் பெருகியுள்ள நம் பகுதியில் வீட்டு வரியும் தொழில் வரியும் பிறவும் ஊராட்சிக்கு வரத்தக்க வருவாய்கள். அவை எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தன, எங்கே சென்றன என்று கேட்கத்தக்க கல்வி இன்று நம் இளைஞரிடம் உள்ளது.

மந்திரிப் பேரன் அல்லாதவனுக்கும் திறந்துள்ள வாயில் ஒன்றுண்டு, அதுவே கிராமசபை. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடும்படி தமிழ்நாட்டில் ஏற்பாடு செய்யப்பட்டது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். தேர்தலில் நிற்க வேண்டுவதுமில்லை. கட்சியில் சேர வேண்டுவதுமில்லை. ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்பட வேண்டும். படிக்கும்போது நம்மவர் எத்தனை பேர் இருந்து கேட்கின்றனர்? ஐந்தொகை படிக்கத் தெரிந்த பிள்ளை விடுமுறை நாளென்று உறங்க, படிக்கத் தெரியாத முதியவர் கையொப்பமிட்டுத் திரும்பும் நிலை நமக்கு அழகாகாது.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கிறோம். முதலாவது, பாங்கிகளிலும் கணக்கறைகளிலும் வேலை செய்யும் நம் இளைஞர், ஆணாயினும் பெண்ணாயினும், ஆண்டில் ஒரு கிராமசபைக்கேனும் சென்று, வரவு செலவைப் பொறுமையுடன் கேட்டு, மரியாதையுடன் வினவக் கற்றல் வேண்டும். பேச்சுக்குக் கடுமை வேண்டா; எண்ணே போதிய கடுமையுடையது. இரண்டாவது, அவருள் எவரேனும் ஊராட்சி உறுப்பினராக நிற்க விழைந்தால், பெற்றோர் அதனைக் குடிகெடுக்கும் காரியமென்று தடுக்கலாகாது. உத்தியோக விதி இடந்தருமா என்று ஆராய்ந்து, இடந்தரின் துணை நிற்றல் வேண்டும். அரசுடைமைப் பாங்கியில் உள்ளோர் வேலையை விடாமல் தேர்தலில் நிற்றல் கூடாதாகலின், இவ்வாராய்ச்சி அவசியம்.

மூன்றாவது நம் சங்கத்தையே பற்றியது. பிறர் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை எப்போது வரும்? நம் கணக்கை நாம் காட்டிய பின்னரே வரும். கல்வி நிதி, கோயிற் கைங்கரியம், திருமண மண்டப வாடகை ஆகியவற்றின் வரவும் செலவும் பாக்கியும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தணிக்கையாளர் கையொப்பத்துடன் வாசிக்கப்படுவதோடு அமையாமல், இப்பத்திரிகையிலும் அச்சிடப்படல் வேண்டும். 1975-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்துக்காக மாத்திரம் கணக்கெழுதுவது கடனுக்குச் செய்வது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரார், கணக்குக் காட்டாதவன் உறவினனையும் குடத்தினின்று விலக்கினர். அவ்வளவு கடுமை நமக்கு வேண்டாவாயினும், காட்டாதவனை மீண்டும் பதவியில் அமர்த்துவதில்லை என்ற அளவேனும் உறுதி வேண்டும்.

பதவிக்குச் சென்றவர் எத்தனை நாள் இருந்தார் என்பதைச் சரித்திரம் விரைவில் மறந்துவிடும். இருந்த நாளில் பேரேட்டைத் திறந்து வைத்தாரா, மூடி வைத்தாரா என்பதையே அது குறித்து வைக்கும். நம் குலத்துப் பிள்ளைகள் கற்ற கணக்கு அவர்தம் வீட்டு வாசலோடு நில்லாது ஊர் வாசலையும் எட்டுமாறு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.